அசல் ஆங்கிலக் குல்லா

அவர் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

சிவப்புக் கம்பளி. உச்சியில் ஒரு குஞ்சம். காதை வெளியே விட இரண்டு பக்கமும் ஓட்டை. இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரன்தான். வருகிறவருக்குக் குளிருமே என்று மேஜைக்கு ஒரு குல்லா வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அதை ஏன் டீபாட்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள்.

குன்னூரில் அன்றைக்கு அப்படிக் குளிர். கடைத்தெருக் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்து சின்ன முள்ளைக் கட்டிக்கொண்டது. அப்புறம் பிரியவே இல்லை. அதனால் மணியைச் சரியாகச் சொல்ல முடியாது. மத்தியானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசல் பலகையில் 'அசல் ஆங்கிலத் தேநீர் அறை' என்று இருந்தது. திறந்து நாலு நாள். ஐந்து மேஜை, பூப்போட்ட கோப்பைகள், மூன்றடுக்குத் தட்டில் காதளவு சாண்ட்விச்.

எதிரே டீச்சர்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டார். மார்க்கெட்டில், கேரட் கடை முன்னால். அவருக்கு அறுபத்தெட்டு. மனைவி போய் ஒன்பது வருஷம். டீச்சருக்கு அறுபத்திரண்டு. கல்யாணம் என்ற பக்கமே போகாதவர்.

"தனியா இருந்தே பழகிப்போச்சு சார். சனிக்கிழமை சொல்றேன்."

இன்றைக்குச் சனிக்கிழமை.

பதில் அவருக்குத் தெரியும். தெரியாதது டீச்சருக்குத்தான்.

கடைக்காரம்மா ரோஸ்லின் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். ராத்திரி பகலாக உட்கார்ந்து பின்னியவர் அவர்தான். அதை ஒரு மனிதர் தலையில் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"சார், அது பாட்டுக்குப் போடறது."

"பாட்டுக்கா?"

"ஆமா சார். பாட்டுக்குத்தான்."

அவர் யோசித்தார். விஷயம் தெரியாமல் போட்டுக்கொண்டது தப்பு. போட்டபின் கழற்றினால் அதைவிடத் தப்பு. அதுவும் டீச்சர் முன்னால்.

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

பாடினார்.

தெரிந்த பாட்டென்று ஒன்றும் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தது பதின்மூன்றாம் வாய்ப்பாடு. அதற்கு ராகம் போட்டார். எதிர்ச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். எஸ்டேட் டைரியில் அன்றைய தேதிக்கு நேராக 'இடி' என்று இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

டீச்சர் முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். கண்ணில் பட்ட பிழையை விட்டதில்லை. ஒரு தடவை ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, பலகையில் விட்டுப்போன ஒற்றைப் போட்டுவிட்டுத்தான் ஏறினார். டீபாட்டுக்கு எது, தலைக்கு எது என்று அவருக்குத் தெரியாதா?

தெரியும்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். திருத்தவில்லை.

பதின்மூன்று எட்டில் பாட்டு நின்றது. அவர் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடையே அவரைப் பார்த்தது.

"நூத்தி நாலு," என்றார் டீச்சர், மெதுவாக.

மிச்சம் வழுக்கிக்கொண்டு வந்தது.

முடித்து உட்கார்ந்தபோது பக்கத்து மேஜைக்காரர் தன் டீபாட்டின் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு கைதூக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மாமியாரும் மருமகளும், ஒரே குல்லாவுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். ரோஸ்லின் இரண்டு தடவை விளக்கிப் பார்த்தார். மூன்றாம் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளம் போட்டார்.

ஐந்து மேஜையிலும் டீ ஆறியது.

கிளம்பும்போது ரோஸ்லின் கருத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில், மற்றவர்கள் எழுதியதைப் படித்தார்.

'கப்பு ரொம்ப மெல்லிசு. கடிச்சுட்டேன். மண்ணிக்கவும்.'

'டீ தணியா வருது. பால் தணியா வருது. சக்கரை தணியா வருது. நாமதான் சேத்துக்கணும்.'

ஐந்து 'ண'வைச் சுழித்து ஐந்து 'ன' போட்டார்.

பிறகு தன் பக்கத்துக்கு வந்தார். சுவை எப்படி என்று கேட்டிருந்தது. 'ஆறிவிட்டது' என்று எழுதினார். உபசரிப்பு எப்படி என்று கேட்டிருந்தது. 'ஆறவில்லை' என்று எழுதினார்.

கடைசிக் கேள்வி: 'மறுபடியும் வருவீர்களா?'

அவர் முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர். எதிரே எழுதுகிறவர் கையெழுத்தைத் தலைகீழாகப் படிக்க வரும்.

'வருவே' வரைக்கும் படித்தார்.

பேனா நின்றது.

இன்னும் ஒரு 'ன்'தான் பாக்கி. அதைப் போட்டால் டீச்சர் தனியாக வருவார்.

பதில் என்னவென்று அவருக்குத் தெரியாமல் போனது அப்போதுதான்.

டீச்சர் பேனாவை ஒரு உதறு உதறினார். 'வே'வை ஒட்டி ஒரு துணைக்கால் போட்டார். ஒன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது போல, நிதானமாக, கொஞ்சம் பெரிதாகவே.