கரை முழுக்க என்னங்க

ஆத்தி, எம்புட்டு உசரம்!

பஸ்ஸிலிருந்து இறங்கப் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

ஏரியைச் சுற்றி மலை. ஏரிக்குள்ளும் தலைகீழாக மலை. கரையில் இருபது வெள்ளை வீடுகள், அவ்வளவுதான் ஊர். காரைக்குடியிலிருந்து வந்த பன்னிரண்டு ஜோடிகளும் வாயடைத்து நின்றார்கள். ஸ்காட்லாந்துக்கு வந்த மூன்று நாளில் இதுதான் முதல் தடவை.

அதுவும் ஐந்து நிமிஷம்தான். அப்புறம் போட்டோ ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, இங்க வாங்க."

"என்னங்க, ஸ்வெட்டரைப் போடுங்க."

கரை முழுக்க என்னங்க.

அவள் வீட்டுக்காரர் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் நீண்டுகிடந்த மரப் படகுத்துறையில், அண்ணாந்து சிகரத்தையே பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக.

துறைக்குக் கைப்பிடி இல்லை. பலகை முடிகிற இடத்தில் கறுத்த தண்ணீர். மனுஷருக்கு நீச்சல் தெரியாது.

அவள் குரல் கொடுத்தாள்.

"என்னங்க!"

நாலு பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

ஓடினாள். பாழாய்ப்போன மூட்டு.

"என்னங்க! என்னங்கோவ்!"

இன்னும் மூன்று பேர் திரும்பினார்கள். எவளோ எவரையோ கூப்பிடுகிறாள் என்று அவர் பாட்டுக்கு நடந்தார்.

முப்பத்தாறு வருஷமாக அவர் பேரை அவள் சொன்னதில்லை. விசா ஆபீசில் கேட்டபோதுகூடத் தாளில் விரல் வைத்துக் காட்டினாள். அதே பேர் வைத்த பேரனையும் ராசா என்றுதான் கூப்பிடுகிறாள்.

இன்னும் மூன்று பலகை.

இரண்டு.

"வைரவன்!"

மலை அதை வாங்கிக்கொண்டது. வைரவன் என்றது. எதிர்க்கரை மலையும் வைரவன் என்றது. பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மலை, மெல்ல, இன்னொரு தடவை.

அவர் நின்றார்.

குனிந்து காலடியைப் பார்த்தார். ஒரு சாண் பலகைதான் மிச்சம். பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

கரையில் ஒரு என்னங்க இல்லை. பதினொரு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அவள் மூச்சிரைக்க வந்து அவர் கோட்டைப் பற்றினாள். அவர் கன்னம் நனைந்திருந்தது. அந்தக் குரலில் அந்தப் பேரை அவர் கேட்டதே இல்லையே.

"மலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. உனக்குக் கேட்டுச்சா?"

அவள் மலையைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுங்க" என்றாள்.

கோட்டை மட்டும் விடவில்லை.