மூன்றாவது சந்தை

"மூணாவது கிடைச்சிருச்சு சார்," என்றாள் ஸ்ம்ருதி.

ஜெபசீலன் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் நகர்த்தினான். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்தது அந்த அலுவலகம். கிரிப்டோ காயின்கள் எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துச் சொல்வது அவர்களுடைய மென்பொருளின் வேலை. அது சொல்லும் விலையை நம்பித்தான் சில செயலிகள் காயினை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கின்றன, நகைக் கடன் மாதிரி. விலை தப்பானால் எங்கோ ஒருவர் நஷ்டப்படுவார்.

புதிதாக ஒரு காயினைச் சேர்க்க ஒரு விதி உண்டு. குறைந்தது மூன்று சந்தைகளில் அது விற்றுக்கொண்டிருக்க வேண்டும். மூன்று விலைகளில் நடுவில் இருப்பதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஓரியா என்ற காயினுக்கு இதுவரை இரண்டு சந்தைகள்தான் அகப்பட்டிருந்தன. மறுநாள் காலைக்குள் ஓரியாவைச் சேர்த்துத் தராவிட்டால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ஸ்ம்ருதியை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. முடித்துக் காட்டினால் நிரந்தரம் என்று முதலாளி பத்ரி சொல்லியிருந்தான். அவள் வீட்டில் நிரந்தரமாகிவிட்டது என்றே சொல்லிவைத்திருந்தாள்.

அவள் பிடித்த மூன்றாவது சந்தை மிகச் சின்னது. ஒரு காலத்தில் விளம்பரமெல்லாம் செய்தார்கள். பிறகு ஜனங்கள் கைவிட்டுவிட்டார்கள். ஓரியாவை அங்கே வாங்குபவர் ஒரே ஒருவர். நாற்பது ரூபாய்க்கு, தினமும் காலை எட்டே காலுக்கு.

ஜெபசீலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அது வேண்டாம் என்றான்.

"ஏன் சார்?"

"ஒருத்தர் வாங்கறது சந்தை இல்ல."

"வேலை நாள்ல தினம் ஒரு வியாபாரம் நடந்தா போதும்னு ரூல் எழுதினதே நீங்கதான்."

ஏதாவது புரோகிராம் வாங்குகிறதோ என்று தனக்கும் சந்தேகம் வந்ததாகவும், பழைய கணக்கு முழுவதையும் பார்த்துவிட்டதாகவும் அவள் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்கறதே இல்ல சார். மெஷின் லீவு எடுக்குமா? யாரோ ஒரு அங்கிள். வாக்கிங் போயிட்டு வந்து, காபி குடிச்சுக்கிட்டே போனை எடுத்து வாங்கறாரு. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வேறு சந்தை தேடலாம் என்றான் ஜெபசீலன். தானே உட்கார்ந்து தேடினான். ஒன்றில் காயினின் பெயர் மட்டும் இருந்தது, விலை இல்லை. இன்னொன்று மூடிக் கிடந்தது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. சாயங்காலம் வெறுங்கையோடு எழுந்தவன், மறுபடியும் அதையேதான் சொன்னான். வேண்டாம்.

இந்தத் தடவை ஸ்ம்ருதியின் குரல் உயர்ந்தது. பத்ரி தன் அறையிலிருந்து வந்தான். அவனும் ஜெபசீலனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் நின்றான்.

"மச்சான், நாப்பது ரூபாய்க்கு வாங்கறவங்களும் கஸ்டமர்தான். கீழ மருந்துக்கடையே அவங்களாலதான் ஓடுது."

"அந்த விலையை நம்பி ஒருத்தன் அடமானம் வைப்பான், பத்ரி."

"வைக்கட்டுமே. வாங்க ஆள் இருக்காங்கல்ல?"

ஜெபசீலன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்தான். கொஞ்ச நாளாகவே அவன் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிறான் என்றும், அதற்காக ஒரு புதுப் பெண்ணின் உழைப்பை வீணாக்கக் கூடாது என்றும் பத்ரி மெதுவாகச் சொன்னான். காலையில் அந்த மனிதர் வழக்கம்போல வாங்கியதும் ஓரியாவைச் சேர்த்துவிடுவது என்று முடிவானது.

ஸ்ம்ருதி கீழ்க்கட்டளையில் இருந்த வீட்டுக்குக் கிளம்பியபோது ஜெபசீலன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், கையில் ஒரு போனோடு. அவள் இறங்கிப்போக இடம்விட்டு ஒதுங்கினான். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. எட்டு மணிக்கே வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தாள். எட்டே கால் தாண்டியது. மூன்றாவது சந்தையில் எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வியாபாரம் இல்லாததால், மென்பொருள் அந்தச் சந்தையைத் தானாகவே தள்ளிவிட்டது.

ஜெபசீலன் வந்தபோது அவள் கர்ச்சீப்பைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பத்ரியிடம் நேற்று ராத்திரியே போனில் பேசிவிட்டதாக அவன் சொன்னான். ஓரியா போனால் போகட்டும் என்று பத்ரி விட்டுவிட்டான். மறுப்புத் தன்னுடையது என்று வாடிக்கையாளருக்கும் சொல்லியாயிற்று. அவள் வேலை நிரந்தரம்தான்.

அவள் தலையாட்டினாள். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதை விடுங்க சார். ஞாயிறு தவிர அவர் ஒருநாள்கூட விட்டதில்ல. ஊரே மழையில முழுகின அன்னிக்குக்கூட வாங்கியிருக்காரு. உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?"

"ஆச்சு," என்றான் ஜெபசீலன். "போன வருஷம். அவர் இல்ல, அவ. என் ஒய்ஃப் தபீதாள். வேலைக்குப் போற நாள்ல ஷேர் ஆட்டோ காசை மிச்சம் பிடிச்சு, தானா வாங்கற மாதிரி போட்டு வச்சிருந்தா. அவ போனப்புறமும் அது வாங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. நேத்துதான் என்னால நிறுத்த முடிஞ்சுது."