மூச்சு விட்ட ஒயின்

"இங்க பாரு, கோழி ரோஸ்ட், காளான், சீஸ். இந்த ஒயினுக்கு இதெல்லாம்தான் சேரும். மீன் பக்கமே போயிடாதே!"

காலையிலிருந்து கணவர் இதே பாட்டுதான். பிரெஞ்சு சிவப்பு ஒயினாம். இரண்டு மூன்று திராட்சை ஜாதிகளின் கலவையாம். கனமும் இல்லாமல் லேசும் இல்லாமல் நடுத்தரமாம்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கலீங்க" என்றாள் மனைவி.

"சிரிக்காதே. வரப்போறவர் எங்க டைரக்டர்! ஒயினை மோந்து பார்த்தே அது எந்த ஊருன்னு சொல்லிடுவார். ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'மூக்கு'. மேனேஜர் வேலை எனக்கா, பக்கத்து சீட்டுக்காரனுக்கான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். நான் குளிச்சிட்டு வரேன், நீ மூடியைத் திறந்து வை. ஒயின் கொஞ்ச நேரம் காத்துபட்டு மூச்சு விடணும், அப்பத்தான் ருசி."

திறந்தாள். காற்றோட்டமாக இருக்கட்டுமே என்று சமையலறை ஜன்னலோரம் வைத்தாள். நல்ல காற்றுதான். திரைச்சீலை அடித்த அடியில் பாட்டில் பாத்திரத் தொட்டிக்குள் கவிழ்ந்தது. மூச்சு விட வைத்த ஒயின் ஒரேயடியாக மூச்சை விட்டுவிட்டது!

ஐயோ, இவருக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடுமே! அடியில் மிஞ்சியது ரெண்டு வாய்தான். அவள் யோசிக்கவே இல்லை. திராட்சை ஜூஸ், ஆறிப்போன டீ டிக்காஷன், நாலு சொட்டு வினிகர் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் ஊற்றி பாட்டிலை நிரப்பிவிட்டாள்.

மூக்கு வந்தார், தனியாக. கோப்பையைச் சுழற்றினார். மோந்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். போச்சு, மேனேஜர் வேலை போச்சு!

"பிரமாதம்! முதல்ல செர்ரிப் பழ வாசனை, பின்னாடியே மிளகு. கோழிக்கு இதைவிடப் பொருத்தமா எதுவும் கிடையாது. யார் வாங்கினது?"

"நான்தான் சார்!" கணவரும் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சப்புக் கொட்டினார். "என்ன இருந்தாலும் பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான் சார்!"

"சரி, விஷயத்துக்கு வரேன். மேனேஜர் நீங்கதான். அதை நான் போன வாரமே முடிவு பண்ணிட்டேன்."

சமையலறைக்கு ஓடியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட, இந்த மூக்குக்கா இத்தனை பயம்! ஜலதோஷம் பிடித்த மூக்கு!

பின்னால் ஒரு செருமல். காலிக் கோப்பையோடு மூக்கு நின்றிருந்தார்.

"டீ டிக்காஷன் கொஞ்சம் தூக்கலாப் போச்சும்மா" என்றார் மெதுவாக.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார்... பாட்டில் கவிழ்ந்துடுச்சு... அவர்கிட்ட தயவுசெஞ்சு..."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்? எங்க வீட்டுலயும் ஒரு தடவை கவிழ்ந்தது. அன்னிக்கு நான் போட்ட கூச்சலுக்கு, என் வீட்டுக்காரி இன்னிவரைக்கும் என்கூட உட்கார்ந்து சாப்பிடுறதில்லை."