முந்தானை போட்ட கோடு

தாம்பரத்து பி.எட். கல்லூரியில் ஜெயப்ரியாவின் முதல் பயிற்சி வகுப்பு. சக மாணவர்களே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். கடைசி வரிசையில் பேராசிரியர் மதிப்பெண் போடுகிறார். ஜன்னல் சாத்திய அரையிருட்டில், தொடுதிரைப் பலகை முழுக்க வங்கக்கடல் நீலமாக ஒளிர்கிறது. மின்விசிறிக் காற்றில் அவள் முந்தானை திரையை உரச, கடலின் குறுக்கே சிவப்புக் கோடு விழுகிறது. அழித்துவிட்டுத் திரும்புகிறாள், மறுபடியும் கோடு. தாடி வைத்த ஃபிரெடி கை தூக்குகிறான். "மிஸ், கடல்ல யாரோ கிறுக்குறாங்க மிஸ்." வகுப்பே சிரிக்கிறது. அவள் முந்தானையைச் சுற்றி இழுத்து, மீன்கூடையைத் தூக்கும்முன் அம்மா செருகுவதுபோல, இடுப்பில் இறுகச் செருகுகிறாள். "நான்தாண்டா கிறுக்குனேன். உக்காரு." குரல் உயரவில்லை. சிரிப்பு அடங்குகிறது. தூக்கிய கையை மெல்ல இறக்கி, நடிக்க மறந்து, ஃபிரெடி உட்கார்கிறான்.