பீரோ நின்ற இடம்

மழை விட்ட மதியம். விற்பனைக்கு வந்த வீட்டின் படுக்கையறையில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறது. வாங்கப்போகிறவர்கள் அனுப்பிய பொறியாளருக்கு இது இன்று எத்தனையாவது வீடோ. கால் கடுக்க, விரல்முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறார். பீரோவை நெருங்கும்போது சத்தம் பொத்தென்று மாறுகிறது. "இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" "ரொம்ப கனம் சார்," என்று மழுப்புகிறார் வீட்டுக்காரர். கதவில் சாய்ந்திருந்த அவர் மனைவி, பெருமூச்சு விட்டபடி வந்து தோளைக் கொடுத்துத் தள்ளுகிறாள். சாம்பல் வெளிச்சத்தில் சுவர் இடுப்புயரத்துக்கு ஊறி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "எழுதிக்குங்க சார்," என்கிறாள் அவள், புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே. "நாங்க வாங்க வந்தப்பவும் இதே இடத்துல ஒரு பீரோ இருந்துச்சு. நகர்த்துங்கன்னு கேக்க எங்களுக்குத்தான் கூச்சமா இருந்துச்சு."