ஆளுக்கொரு பாட்டில்

மனிதர்களில் இரண்டே வகை. சாக்கடையைத் தாண்டிப் போகிறவர்கள், சாக்கடையில் குனிகிறவர்கள். நான் முதல் வகை. உயிரே போனாலும் கட்சி மாறமாட்டேன்.

இரண்டாம் வகையினர் நூற்றெண்பது பேர் அன்று எங்கள் கல்லூரி அரங்கில் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் முனைவர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள்மேல் வைரஸை ஏவிக் கொல்வது பற்றி மாநாடு.

திரையில் ஒரு கிருமி. என் அக்காவின் கிழிந்த முழங்காலில் மூன்று வாரமாகக் குடியிருப்பது. எந்த ஊசிக்கும் மசியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அடங்காவிட்டால் காலை முழங்காலோடு எடுத்துவிடுவார்கள்.

கையிருப்பிலுள்ள வைரஸ் எதுவும் இதைச் சீண்டவில்லை என்றார் அக்காவின் டாக்டரம்மா. இதைத் தின்கிற வைரஸ் ஏதாவதொரு சாக்கடையில் இருக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் மொண்டு வாருங்கள்.

தேநீர் இடைவேளையில் ஊர்ச் சாக்கடையெல்லாம் முனைவர்கள். ஒருவர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். அவர் வாங்கிய விருதுகளை மேடையில் வாசிக்கவே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

படமெடுத்து வார்டிலிருந்த அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"நீ எங்கடா நிக்கிற?"

"கரையிலதான்."

"பக்கத்துல போகாத. வழுக்கும்."

கிருமி வளர்த்த தட்டுகளில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டார்கள். வைரஸ் இருந்தால் அந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளியும்.

மறுநாள் பார்த்தால், நூற்றெண்பதில் ஒன்றுகூடத் தெளியவில்லை.

யாரும் உச்சுக்கொட்டவில்லை. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். டைக்காரர் முதல் ஆளாக.

டாக்டரம்மா கடைசி வரிசையில் இருந்த என்னிடம் வந்தார். "கிருமி எங்க தொத்துச்சோ அங்கயே தேடினா கிடைக்க வாய்ப்பு அதிகம் தம்பி. ஆனா உங்க அக்கா வீட்டு மாடிப்படியிலதானே விழுந்தாங்க?"

அக்கா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அம்மாவிடம்கூட.

"ஒரு பாட்டில் குடுங்க டாக்டர்" என்றேன்.

ஊருக்கு வெளியே, எந்த முனைவரும் போகாத ஒரு வளைவு. தம்பி இரண்டு கையையும் விட்டு பைக் ஓட்டிக் காட்டினால், பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா போய் விழுகிற சாக்கடை.

குப்புறப் படுத்தேன். கை முழங்கைவரை போயிற்று.

மூடியை இறுக்கி, லேபிளில் இடத்தை எழுதினேன். கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

பைக் ஓட்டியவன் பெயரையும் எழுதினேன்.