பீரங்கிக் குண்டு கடித்த இடம்

எங்கள் மலைக்கோட்டையின் மூன்றாம் வாசல் வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டப்பட்டது. படையெடுத்து ஜெயித்த ராஜாவும் அங்கே தலைகுனிந்துதான் நுழைய வேண்டும். வழிகாட்டியாகப் பதினாறு வருஷம் இதைச் சொல்லித்தான் எல்லாரையும் குனியவைத்திருக்கிறேன். மேல்கல்லின் அடிப்பக்கத்தில், இடது ஓரமாக, ஆழமாக ஒரு பள்ளம் உண்டு. பீரங்கிக் குண்டு கடித்த இடம் என்பேன். படம் எடுத்துக்கொண்டு நடுவில் குனிந்து போவார்கள்.

நேற்றுக் காலை, கீழே ஏரிக்கரைத் தெருவிலிருந்து அன்னக்கொடி என்ற பெண் வந்தார். பிறந்த ஊரே இதுதான், ஆனால் மலையேறுவது முதல் தடவையாம்.

“பாத்து, குனிஞ்சு வாங்கக்கா” என்றேன்.

அவர் பள்ளத்துக்குள் கைவிட்டுத் தடவினார்.

“குண்டு பட்ட கல்லு இப்படி வழவழன்னா இருக்கும்? இது உளியில கொத்துனது தம்பி. அந்தக் காலத்துல எங்க தெருப் பொம்பளைங்கதான் ஏரித் தண்ணிய இங்க சுமந்தாங்க. குனிஞ்சா குடம் சிந்தும்ல? ராஜாவுக்குத் தாகம் எடுத்திருக்கு, கல்ல வெட்டிட்டாங்க.”

“புஸ்தகத்துல அப்படி இல்லியேக்கா.”

வழிகாட்டிகள் நாங்கள் குடிக்க வாசலோரம் வைத்திருந்த நிறைகுடத்தை அவர் தூக்கித் தலையில் வைத்தார். பிடித்திருந்த கையையும் எடுத்துவிட்டார். இடது ஓரமாக, முதுகு வளையாமல், தன் வீட்டுக்குள் போவதுபோல நடந்தார். குடம் பள்ளத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. கல்லில் உரசவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

உள்ளே நின்று, குடத்தோடு மெல்லத் திரும்பினார்.

“பாத்து, குனிஞ்சு வாங்க தம்பி.”